பெருநிறுவனங்களைச் சாராத உலாவியும் சமூக வலைத்தளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் அலுவலகத்திலும் நண்பர்கள் வட்டத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் பாதி உலாவிகளைப் பற்றியது, மறு பாதி சமூக வலைத்தளங்களைப் பற்றியது. எல்லாவற்றுக்கும் நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: நாளைக்கு இது பிடிக்கவில்லை என்றால், என் பொருள்களை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா?

குரோம் நன்றாகத்தானே வேலை செய்கிறது, எதற்கு மாற வேண்டும்?

நன்றாகத்தான் வேலை செய்கிறது. 2008 செப்டம்பரில் அது வந்தபோது வேகமாக இருந்தது என்று நானும் ஆசையாக மாறியவன்தான். எல்லோரும் ஒரே உலாவிக்குள் போய் அடைந்துகொண்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. தமிழ் படிப்பவர்கள் இதை ஏற்கெனவே ஒருமுறை பட்டு அனுபவித்திருக்கிறோம்.

2000களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் வைத்திருந்தார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு இன்னும் பரவாத காலம் அது. பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, தளத்துக்கு ஒரு குறியாக்கம் என்று இருந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கிக்கொள்ளும் ஒரு வசதியை மைக்ரோசாப்ட் தன் உலாவிக்கு மட்டுமான வடிவத்தில் கொடுத்திருந்தது. அதை நம்பிக் கட்டிய தமிழ்ச் செய்தித் தளங்களை வேறு உலாவியில் திறந்தால் தமிழுக்குப் பதில் கொக்கியும் கோடுமாக ஏதோ தெரியும். செய்தி படிக்க வேண்டுமா, அந்த உலாவிக்குத்தான் போயாக வேண்டும்.

எதிரில் யாரும் இல்லை என்றானதும் மைக்ரோசாப்டும் அக்கறையை விட்டது. ஆறாம் பதிப்பு 2001 இல் வந்தது. ஏழாம் பதிப்பு வர 2006 ஆயிற்று. இடையில் 2004 நவம்பர் 9 அன்று மோசில்லா அமைப்பின் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 உலாவி வெளியானது. அதிலும் தமிழுக்குக் குறை இருந்தது. பத்தியை இருபுறமும் சமமாக ஒழுங்குபடுத்தினால் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். ‘தயவுசெய்து ஜஸ்டிஃபை செய்யாதீர்கள்’ என்று தமிழ்ப் பதிவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது பழையவர்களுக்கு நினைவிருக்கும். 2008 இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது சரியானது. போட்டி வந்த பிறகுதான் எக்ஸ்புளோரரும் அசைந்தது.

இன்று அந்த இடத்தில் குரோம் இருக்கிறது. உலகின் இணையப் பயன்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு அதன் வழியாகவே நடக்கிறது. அதைச் செய்யும் நிறுவனமான கூகுளுக்கு வருமானம் முக்கியமாக விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரம் விற்பவரே, விளம்பரம் உங்கள் திரைக்கு எப்படி வந்து சேரலாம் என்ற விதியையும் எழுதுகிறார். எனக்கு அது போதும், மாறுவதற்கு.

சரி, பிரேவ், எட்ஜ், ஓபரா, விவால்டி எல்லாம் மாற்றுதானே?

பெயர் வேறு, உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்று. இணையப் பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் பகுதியைத்தான் எஞ்சின் என்கிறோம். பெருமளவில் புழக்கத்தில் இருப்பவை மூன்று: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மோசில்லாவின் கெக்கோ. பிளிங்க், 2013 இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்தது. வெப்கிட்டோ, கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் கேஹெச்டிஎம்எல் என்ற எஞ்சினில் இருந்து வந்தது. தன்னார்வலர்கள் எழுதிய ஒரு நிரல்தான் இன்று இரண்டு பெருநிறுவனங்களின் உலாவிகளுக்கும் வேர்.

ஓபரா 2013 இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு கூகுளின் பக்கம் போனது. மைக்ரோசாப்ட்கூட 2018 டிசம்பரில் அப்படியே அறிவித்து, 2020 ஜனவரியில் புதிய எட்ஜை வெளியிட்டது. இத்தனை பெரிய நிறுவனமே தனியாக ஓர் எஞ்சினைக் கட்டிக்காக்க முடியாமல் விட்டது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இதனால் இவை பயனற்றவை என்று சொல்லவில்லை. விவால்டி நார்வேயில் இருந்து வருகிறது. ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வொன் டெட்ச்னர் ஆரம்பித்தது. பயனரை மதிக்கும் உலாவி, ஆனால் அதன் இடைமுக நிரல் முழுதும் திறமூலம் (யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்த நிரல்) அல்ல. பிரேவ் விளம்பரங்களை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் முகவரியைத் தட்டும்போது தனக்குக் கமிஷன் வரும் குறியீட்டை அது ஒட்டிவிட்டது 2020 இல் வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டுத் திருத்திவிட்டார்கள். எனக்கு அது மறக்கவில்லை.

கூகுளுக்கு உங்கள் தரவு போகக் கூடாது என்பது மட்டும் நோக்கமென்றால் இவை உதவும். இணையம் ஒருவர் கைக்குள் போகக் கூடாது என்பதும் சேர்ந்ததென்றால் ஃபயர்ஃபாக்ஸ் அல்லது அதிலிருந்து கிளைத்த லிப்ரவுல்ஃப் போன்றவைதான் வழி.

ஃபயர்ஃபாக்ஸுக்குக் காசு கொடுப்பதே கூகுள்தானே?

ஆமாம். மிக நியாயமான கேள்வி. கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கிடைக்கும் தொகைதான் மோசில்லா வருமானத்தின் பெரும்பகுதி. 2021 இல் மட்டும் இப்படி ‘இயல்பான தேடுபொறி’யாக இருப்பதற்காக ஆப்பிள், சாம்சங், மோசில்லா என்று பலருக்கும் சேர்த்து கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். அந்தப் பணம் நின்றுவிட்டால் ஃபயர்ஃபாக்ஸே நின்றுபோகலாம் என்று மோசில்லா அதிகாரி ஒருவரே சாட்சி சொல்ல வேண்டி வந்தது.

2020 ஆகஸ்டில் மோசில்லா சுமார் 250 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. 2025 பிப்ரவரியில், ‘உங்கள் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம்’ என்று முன்பு எழுதி வைத்திருந்த உறுதிமொழியை எடுத்துவிட்டு வேறு சொற்களைப் போட்டது. எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் அதையே வைத்திருக்கிறேன். நிரல் திறந்து கிடக்கிறது. மோசில்லா தவறினால் இன்னொருவர் எடுத்து நடத்த முடியும். லிப்ரவுல்ஃப் இருப்பதே அதற்குச் சாட்சி: அதே கெக்கோ, மோசில்லாவுக்குத் தகவல் அனுப்பும் பகுதிகள் நீக்கப்பட்டவை.

விளம்பரத் தடுப்பான் குரோமில் திடீரென்று நின்றுவிட்டதே, ஏன்?

உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதால். முன்பு ஒரு நீட்சி, பக்கத்திலிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்கும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய முறையில் அந்த அதிகாரம் இல்லை. விதிகளின் பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பதை உலாவி பார்த்துக்கொள்ளும். யூபிளாக் ஆரிஜின் என்ற, ரேமண்ட் ஹில் காசு வாங்காமல் எழுதி வரும் நீட்சி இதனால் 2024 முதல் குரோமில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் மெலிந்த வடிவம் ஒன்று அங்கே கிடைக்கிறது. முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் இன்றும் ஓடுகிறது.

இதில் பலருக்கும் தெரியாதது: ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஃபயர்ஃபாக்ஸிலும் அது ஓடும். தமிழ்ச் செய்தித் தளங்களைப் போனில் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. என் அப்பாவின் போனில் போட்டுக்கொடுத்தேன். ராசிபலனுக்கு நடுவில் குதிக்கும் கடன் விளம்பரத்தைத் தெரியாமல் தொடுவது நின்றது.

ஐபோனில்?

அங்கே கதை வேறு. எந்தப் பெயரில் உலாவி போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய சட்டத்தால் 2024 மார்ச் முதல் வேறு எஞ்சினுக்கு வாசல் திறந்திருக்கிறது. நமக்கு இல்லை. எனவே ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் மேலே சொன்ன நீட்சி ஓடாது.

உலா நம்ம ஊர் உலாவி ஆயிற்றே?

சென்னையின் ஜோஹோ நிறுவனம் 2023 இல் வெளியிட்டது. பெயர் அழகாக இருக்கிறது, தமிழில் இருப்பது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் உள்ளே இருப்பது குரோமுக்கு அடித்தளமான குரோமியம், அதாவது பிளிங்க். கூகுளுக்குத் தகவல் போவதைக் குறைக்க விரும்பினால் பயன்படுத்துங்கள். எஞ்சின் விஷயத்தில் அது எட்ஜும் பிரேவும் இருக்கும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

இன்காக்னிட்டோ போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. உங்கள் கணினியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளமும் இணைய சேவை தருபவரும் உங்களைப் பார்க்கிறார்கள். குரோமின் இந்த முறையில் இருந்தபோதும் கூகுள் தரவு திரட்டியது என்று அமெரிக்காவில் 2020 இல் வழக்குப் போட்டார்கள். 2024 இல் சமரசமாக, திரட்டியவற்றை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது.

மாறினேன், என் வங்கித் தளம் திறக்கவில்லை. என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. ஒரு வங்கியின் தளம், நான் என்ன உலாவி வைத்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டு உள்ளேயே விடவில்லை. கெக்கோவால் அந்தப் பக்கத்தைக் காட்ட முடியாமல் இல்லை. தளத்தைக் கட்டியவர்கள் குரோமில் மட்டும் சோதித்துவிட்டு மற்றவர்களுக்குக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள். ‘இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பார்க்கவும்’ என்று அரசுத் தளங்களின் அடியில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

செய்ய வேண்டியது: குரோமியம் வகை உலாவி ஒன்றை (விவால்டியோ உலாவோ) இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, வரி மாதிரியான இடங்களுக்கு மட்டும் அது. அப்புறம் அந்த வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் ஒன்றும் நடக்காதுதான், ஆனால் யாருமே எழுதாததால்தான் இப்படி ஆனது.

மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு காபி குடிக்கும் நேரம். புத்தகக்குறிகள், வரலாறு இரண்டையும் குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸே இழுத்துக்கொள்ளும். போனுக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசைத்தால், தரவு உங்கள் கருவியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. மோசில்லாவால் படிக்க முடியாது. அதனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிடாதீர்கள். இடைமுகத்தையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது அது. சில சொற்கள் முதலில் உறுத்தும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

புதிதாக யாரும் எஞ்சின் எழுதவில்லையா?

எழுதுகிறார்கள். லேடிபேர்ட் என்று ஒன்று. ஆண்ட்ரியாஸ் கிளிங் தன் சொந்த இயங்குதளத்துக்காகத் தொடங்கிய உலாவி அது. 2024 ஜூலையில் இதற்கென்று ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு உருவானது. நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். தேடுபொறி ஒப்பந்தத்தில் காசு வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இன்னொன்று சர்வோ. மோசில்லாவில் பிறந்தது, 2020 ஆட்குறைப்பில் அநாதையாகி, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் போய் மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. இரண்டும் இன்னும் அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை. நன்கொடை கொடுக்க மனமிருந்தால் இரண்டும் தகுதியானவை.

மாஸ்டடான் என்றால் என்ன? எனக்குப் புரியவே இல்லை.

மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பீர்கள், உங்கள் அக்கா வேறொன்றில். ஆனாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. மாஸ்டடானும் அப்படித்தான். அது ஒரே தளம் கிடையாது. ஆயிரக்கணக்கான வழங்கிகள் (சர்வர்கள்), ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள், ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சங்கம் அதை முறையான தரமாக ஏற்றது. படங்களுக்கான பிக்ஸல்ஃபெட், காணொளிக்கான பியர்டியூப் ஆகியவையும் இதே மொழியைப் பேசுகின்றன. பியர்டியூபில் ஒருவர் போட்ட காணொளிக்கு மாஸ்டடானிலிருந்தே பதில் எழுதலாம். யூடியூப் காணொளிக்கு எக்ஸிலிருந்து (பழைய ட்விட்டர்) பதில் எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

மாஸ்டடான், ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ 2016 இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை. நீங்கள் பின்தொடர்பவர்கள் எழுதியது, எழுதிய வரிசையிலேயே வரும். ஒரு பதிவுக்கு இயல்பாக 500 எழுத்துகள். ஒரு எச்சரிக்கை: தனிச்செய்திகளுக்கு அங்கே மறையாக்கம் இல்லை. வழங்கியை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். ரகசியம் பேச அது இடம் இல்லை.

எந்த வழங்கியில் சேர்வது?

இந்தக் கேள்வியில்தான் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம், பிறகு மாறிக்கொள்ளலாம். யார் நடத்துகிறார்கள், செலவுக்கு என்ன செய்கிறார்கள், விதிகளை எழுதி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

வழங்கிகள் மூடப்படுவது உண்மை. மோசில்லாவே ஒரு மாஸ்டடான் வழங்கி நடத்தி, 2024 டிசம்பர் 17 அன்று மூடிவிட்டது. அங்கே இருந்தவர்கள் முன்னறிவிப்பு பார்த்து வேறு வழங்கிக்கு நகர்ந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்தவர்களும் தானாகக் கூடவே வந்துவிடும்படி மாஸ்டடானில் வசதி இருக்கிறது. பழைய பதிவுகள் மட்டும் நகராது, அவற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். இதைக் கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்குட்டோடு ஒப்பிடுங்கள். 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டபோது நண்பர் பட்டியலை எங்கே கொண்டுபோக முடிந்தது? இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடியபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்கள் எத்தனை காணாமல் போயின!

புளூஸ்கை சுலபமாக இருக்கிறதே, அது போதாதா?

சுலபம்தான். ட்விட்டருக்குள் 2019 இல் ஒரு திட்டமாகத் தொடங்கி, பிறகு தனி நிறுவனமானது. 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமல் எல்லோரும் சேரலாம் என்றானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸைத் தடை செய்தபோது லட்சக்கணக்கானவர்கள் அங்கே போனார்கள். உங்கள் சொந்த இணைய முகவரியையே பயனர்பெயராக வைக்கலாம், கணக்கைப் பதிவுகளோடு வேறிடத்துக்கு நகர்த்தவும் வழி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மாஸ்டடானைவிட மேல். ஆனால் நடைமுறையில் மிகப் பெரும்பாலான கணக்குகள் அந்த நிறுவனத்தின் வழங்கிகளிலேயே இருக்கின்றன, முதலீட்டாளர் பணத்தில் ஓடுகிறது. வாசல் இருக்கிறது, இன்னும் அதிகம் பேர் அதன் வழியாக நடந்து பார்க்கவில்லை.

தமிழ் எழுதுபவர்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். எக்ஸில் ‘தமிழ்’ என்று எழுதினால் ஐந்து எழுத்து என்று கணக்கிடும். கொக்கியும் புள்ளியும் தனித்தனி. புளூஸ்கை அதை மூன்று என்றே எண்ணுகிறது. 300 என்றால் நம் கணக்கில் 300.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் திரெட்ஸும் ஆக்டிவிட்டிபப் பேசுகிறதாமே?

ஓரளவு பேசுகிறது. கணக்கு மெட்டாவிடம்தான் இருக்கும். நான் சேரவில்லை.

மாஸ்டடானில் தமிழர்கள் யாரும் இல்லையே, யாரோடு பேசுவது?

குறைவுதான். இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. இந்தியாவிலிருந்து ஒரு அலை 2019 நவம்பரில் போனது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் பலர் கோபத்தில் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது இன்னொரு அலை. கோபத்தில் போகிறவர்கள் அங்கே தெரிந்த முகம் இல்லாததால் திரும்பிவிடுகிறார்கள்.

அதனால் நான் சொல்வது: தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக உங்களோடு பேசுகிற நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். தமிழ் என்ற குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) பின்தொடருங்கள். மாஸ்டடானில் ஆளைப் போலவே குறிச்சொல்லையும் பின்தொடரலாம். கண்ணில் பட்டவர்களுக்குப் பதில் எழுதுங்கள். உங்கள் ஓடையில் யாரையும் மேலே தூக்கிக் காட்டும் கணக்கீடு அங்கே இல்லை, ஆட்கள்தான் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 2004 இல் பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வந்தபோதும் தமிழ் வலைப்பதிவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான். ஒருவர் பதிவுக்கு மற்றவர் பின்னூட்டம் போட்டுப் போட்டுத்தான் அது ஊரானது. பிறகு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். அங்கே எழுதியவற்றைத் தேடி எடுக்க முடிகிறதா? இருபது வருடத்துக்கு முந்தைய வலைப்பதிவு இன்றும் தேடலில் அகப்படுகிறது.

உள்நாட்டுச் செயலிகள் இருக்கின்றனவே? கூ, அரட்டை?

ட்விட்டர் போன்ற கூ பெங்களூரில் 2020 இல் தொடங்கியது, தமிழிலும் இருந்தது, 2024 ஜூலையில் மூடப்பட்டது. உள்நாட்டு நிறுவனமாக இருந்தும் அங்கே சேர்த்த பின்தொடர்பவர்களை வெளியே கொண்டுபோக வழி இருக்கவில்லை. ஜோஹோவின் செய்திச் செயலியான அரட்டை 2025 செப்டம்பரில் திடீரென்று பரவியது. நம் ஊர்த் தொழிலாளர்கள் கட்டியது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, வேறு செயலியில் இருப்பவரோடு அதிலிருந்து பேச முடியுமா என்பது வேறு கேள்வி. நான் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன்.

வாட்ஸ்அப்பை எப்படி விடுவது?

விடச் சொல்லமாட்டேன். குடும்பக் குழு, பள்ளிக் குழு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில் இருக்கிறது. நெருங்கிய மூன்று பேரோடு மட்டும் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறுங்கள். லாப நோக்கமற்ற அறக்கட்டளை நடத்துவது. வாட்ஸ்அப்பைத் தொடங்கி 2014 இல் 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக்கிடம் விற்ற இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன்தான், 2018 இல் 5 கோடி டாலர் போட்டு அந்த அறக்கட்டளை உருவாகக் காரணமானவர். நானும் என் தங்கையும் ஆறு வருடமாக அதில்தான் பேசுகிறோம். சித்தப்பா இன்னும் வாட்ஸ்அப்பில்தான் காலை வணக்கம் அனுப்புகிறார், நானும் அங்கேயே பதில் அனுப்புகிறேன்.

ஃபேஸ்புக்கில் பத்து வருடமாக எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் எப்படி எடுப்பது?

அமைப்புகளுக்குள் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. கேட்ட பிறகு தயாராகச் சில மணிநேரம், சில சமயம் நாள்கூட ஆகும். இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: ஹெச்டிஎம்எல், ஜேசன். தமிழில் எழுதியவர்கள் ஹெச்டிஎம்எல்லையே தேர்ந்தெடுங்கள். ஜேசன் கோப்பில் ஆங்கிலமல்லாத எழுத்துகளைத் தவறாகக் குறியாக்கம் செய்துவிடுவதால், நிரல் எழுதித் திருத்தினால் ஒழியத் தமிழ் படிக்கும்படி இருக்காது. தேதி வரம்பில் எல்லாக் காலமும் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் கடந்த ஓராண்டு மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். தயாரானதும் வரும் இணைப்பு சில நாள்களில் காலாவதியாகிவிடும், அதனால் அன்றைக்கே இறக்கி இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.